உன் நல்லதுக்குத்தான் சொல்கிறோம்: ரேவன் வில்கின்சனை மேடையிலிருந்து இறக்கியது எது?

கறுப்பின அமெரிக்க பாலே கலைஞர் ரேவன் வில்கின்சனின் பெயரை எடுத்தாலே எல்லோரும் ஒரே காட்சியைத்தான் சொல்வார்கள். 1950களின் பிற்பகுதி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கோமரி நகரம். கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் இரண்டு பேர் அவருடைய பாலே குழுவின் மேடைக்கு ஓடி வந்து, அந்தக் கறுப்பி எங்கே என்று கேட்கிறார்கள். நடனக் கலைஞர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள்.

படம் எடுப்பதற்கென்றே அமைந்த காட்சிதான். ஆனால் வில்கின்சனின் பாலே வாழ்க்கையை அமெரிக்காவில் முடித்து வைத்தது கிளான் கும்பல் என்று நினைத்தால் கணக்குத் தவறிவிடும். அதற்கப்புறமும் அவர் அந்தக் குழுவில் ஆடினார். அவரை வெளியே போக வைத்தவர்கள் அவரைப் பார்த்துக் கத்தியவர்கள் இல்லை. அவர் திறமையை மெச்சியவர்கள், அவர் பாதுகாப்பை எண்ணிக் கவலைப்பட்டவர்கள், நிதானமாக உட்கார வைத்துப் புத்தி சொன்னவர்கள். இந்த ஆய்வு அவர்களைப் பற்றியது.

மூன்று முறை ஆடிக் காட்டியவர்

வில்கின்சன் 1935 பிப்ரவரி 2 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா பல் மருத்துவர். ஐந்து வயதில், ரஷ்ய மரபில் ஆடிய 'பாலே ரூஸ் டி மான்டி கார்லோ' குழுவின் 'கொப்பேலியா' நாட்டிய நாடகத்தைப் பார்த்தார், ஆசை பிடித்துக்கொண்டது. ஒன்பதாவது பிறந்தநாளுக்கு உறவினர் ஒருவர் தந்த பரிசு நடன வகுப்பு. ஆசிரியை மரியா ஸ்வபோடா, மாஸ்கோவின் பல்ஷோய் மரபில் வந்தவர். 1951இல் அந்தப் பள்ளியையே பாலே ரூஸ் குழுவின் இயக்குநர் செர்கேய் டென்ஹாம் விலைக்கு வாங்கிவிட்டார்.

இந்த விவரத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதாவது வில்கின்சன் எங்கிருந்தோ வந்து கதவைத் தட்டியவர் இல்லை. குழுவின் சொந்தப் பள்ளி மாணவி. அவருடைய கால், கை, இசைக் காது எல்லாம் அவர்களுக்கு வருடக்கணக்கில் தெரியும். அப்படியிருந்தும் 1954இல் ஆடிக் காட்டியபோது எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு முறை ஆடினார், அதுவும் நடக்கவில்லை. உன் நிறத்தால்தான், தென் மாநிலங்களுக்கெல்லாம் போகிற குழு, எப்படி எடுப்பார்கள் என்று கூடப் படித்தவர்களே சொன்னார்கள். மூன்றாவது முறையும் போய் நின்றார். 1955இல் ஆறு மாதச் சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். பெரிய பாலே குழு ஒன்றில் முழுநேரமாக ஆடிய முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் அவர்தான். இரண்டாவது பருவத்திலேயே தனி நடனம் தரும் அளவுக்கு உயர்த்தினார்கள். 'லே சில்ஃபீட்' என்ற நாட்டியத்தில் வால்ட்ஸ் தனி நடனம் அவருக்குக் கிடைத்தது.

சரி, 1954இல் முடியாதது 1955இல் எப்படி முடிந்தது? திறமை ஒரு காரணம், விடாப்பிடி இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தைப் பாராட்டு விழாக்களில் யாரும் சொல்ல மாட்டார்கள். வில்கின்சனின் தோல் நிறம் மிகவும் வெளிர். மேடைப் பவுடரைப் பூசிக்கொண்டு வரிசையில் நின்றால், கீழே உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

'எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்' என்ற வாதம்

பாலேயில் 'வெள்ளை பாலே' என்று ஒரு வகை உண்டு. 'ஸ்வான் லேக்' நாட்டியத்தின் அன்னங்கள், 'ஜிசெல்' கதையின் ஆவிப் பெண்கள், 'லே சில்ஃபீட்' தேவதைகள் எல்லாம் இதில் அடக்கம். இருபது முப்பது பெண்கள் வெள்ளை உடையில் ஒரே அசைவாக அசைய வேண்டும். அதில் ஒருத்தி மட்டும் தனியாகத் தெரிந்தால் அழகு கெட்டுவிடும் என்பது நூறாண்டுகளாகச் சொல்லப்படும் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கலை சம்பந்தப்பட்ட பேச்சு, இனப் பேச்சு கிடையாது என்று தோன்றும்.

இந்த வாதத்தை வில்கின்சன் விஷயத்தில் போட்டுப் பார்த்தால் நிற்காது. அவர் வரிசையில் தனியாகத் தெரியவில்லை, அதனால்தானே எடுத்தார்கள்! பிறகு வந்த தொல்லைகள் எதுவும் பார்வைக்கு அவர் எப்படி இருந்தார் என்பதால் வரவில்லை. அவர் யார் என்று தெரிந்ததால் வந்தது. அப்படியானால் பிரச்சினை எங்கே இருந்தது என்று யோசிக்கலாம்.

அவருக்கு முன்னால் ஜேனட் காலின்ஸ் இருந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்தவர். பதின்பருவத்தில் ஒரு பாலே ரூஸ் குழு அவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, சேரலாம், ஆனால் முகத்தில் வெள்ளைப் பூச்சுப் பூசிக்கொண்டு ஆட வேண்டும் என்றது. காலின்ஸ் மறுத்துவிட்டார். பின்னாளில், 1951இல், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பராவில் முதன்மை நடனக் கலைஞர் ஆனார். புகழ்பெற்ற கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கே அதே மேடையில் பாடக் கிடைத்தது 1955 ஜனவரியில்தான். அவ்வளவு பெரிய இடத்திலும் குழு தெற்கே சுற்றுப்பயணம் போனபோது சில நகரங்களில் காலின்ஸ் ஆட முடியவில்லை. அவர் பாத்திரத்தை மாற்று ஆட்டக்காரர்கள் ஆடினார்கள். முதன்மைக் கலைஞர் என்ற பட்டம் ஊர் எல்லை வரைதான் செல்லும் என்பது விசித்திரமான ஏற்பாடு.

அடர்ந்த நிறம் கொண்ட பெண்களுக்கு இந்த அளவுகூடக் கிடைக்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவின் டெலோரஸ் பிரவுன் நல்ல ஆட்டக்காரி. அவர் ஆடியது கறுப்பினக் கலைஞர்கள் தமக்கென்றே அமைத்துக்கொண்ட 'நியூயார்க் நீக்ரோ பாலே' குழுவில். அந்தக் குழு 1957இல் பிரிட்டன் முழுவதும் சுற்றியது. சொந்த நாட்டின் பெரிய குழுக்களில் அவருக்கு இடமில்லை.

ஓட்டல் வரவேற்பறையில் ஒரு கேள்வி

பாலே ரூஸ் குழு அரசு மானியத்தில் வாழ்ந்த குழு இல்லை. ஊர் ஊராகப் போய், பெரும்பாலும் ஓர் இரவு ஆடிவிட்டு, மறுநாள் பேருந்தில் அடுத்த ஊர். தென் மாநிலங்களை விட்டுவிட்டால் வருமானத்தில் பெரிய ஓட்டை விழும். அந்த மாநிலங்களில் ஓட்டல், உணவகம், டாக்சி எல்லாம் இனப்படி பிரிந்து கிடந்தன. வெள்ளையர் ஓட்டலில் கறுப்பினத்தவரும் சேர்ந்து தங்குவதைச் சட்டமும் வழக்கமும் தடுத்தன. காலமும் மோசமான காலம். 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து தெற்கே கொந்தளிப்பு. 1955 டிசம்பரில் தொடங்கிய மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு ஒரு வருடத்துக்கு மேல் நடந்து வென்றது. அந்த ஊருக்குத்தான் இந்தக் குழு ஆடப் போனது.

முதல் இரண்டு பருவங்கள் எப்படியோ ஓடின. 1957இல் அட்லாண்டாவில் ஓட்டல் உரிமையாளர் வில்கின்சனிடம் நேராகக் கேட்டுவிட்டார், நீ கறுப்பினமா என்று. ஆமாம் என்றார். அங்கே தங்க முடியவில்லை.

இதற்கு முன்பே குழுவில் சிலர் அவருக்கு ஒரு வழி சொல்லியிருந்தார்கள்: யாராவது கேட்டால் ஸ்பானியக்காரி என்று சொல்லிவிடு. தப்பான எண்ணத்தில் சொன்னதில்லை. பாலே ரூஸ் உலகில் பேரையும் ஊரையும் மாற்றிக்கொள்வது சாதாரண விஷயம். லிலியன் அலிசியா மார்க்ஸ் என்ற லண்டன் பெண் அலிசியா மார்கோவா ஆனார். ஓசேஜ் பழங்குடியைச் சேர்ந்த மரியா டால்சீஃபிடம் பேரின் வாலை ரஷ்யத்தனமாக மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், அவர் மறுத்தார். ஆக, இன்னொரு வேடம் போடு என்பது அங்கே பெரிய கோரிக்கையே இல்லை. வில்கின்சன் அதை வேறு விதமாகப் பார்த்தார். தானாகப் போய் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் மாட்டார், குழுவை ஆபத்தில் மாட்டிவிடவும் விரும்பவில்லை. ஆனால் நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டார். பொய் சொன்னால், தான் யாராக இருக்கிறோமோ அதில் ஏதோ குறை இருப்பதாகத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர் நியாயம்.

மார்கோவாவுக்கு ரஷ்யப் பெயர் மேடைக்கு மட்டும். வில்கின்சனிடம் கேட்ட ஸ்பானியப் பெயர் சாப்பாட்டு மேசைக்கும், படுக்கைக்கும், பேருந்துக்கும் சேர்த்து. இந்த வித்தியாசம் அறிவுரை சொன்னவர்களுக்குப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மான்ட்கோமரியில் அந்த மேடைச் சம்பவம் நடந்த பயணத்தில் இன்னொன்றையும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஓட்டல் உணவறையில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் அவர்களுடைய வெள்ளை அங்கிகள் குவிந்து கிடந்தன. கிளான் என்றால் இருட்டில் வரும் முகமூடிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே அது சாப்பாட்டுக்கு வந்த ஊர்க்காரர்கள்.

இதன் பிறகு குழு நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது. ஆபத்தான ஊர்களுக்கு வில்கின்சனை அழைத்துப் போவதில்லை. அவர் பாதுகாப்புக்காக.

இங்கேதான் இந்த நிகழ்வின் முடிச்சு இருக்கிறது. அந்த முடிவைத் தவறென்று சொல்வது கஷ்டம், ஆபத்து நிஜம். ஆனால் விளைவைப் பாருங்கள். நகரங்களை விட்டால் நிகழ்ச்சிகள் போகும். நிகழ்ச்சிகள் போனால் பாத்திரங்கள் போகும், ஏனென்றால் பாதிப் பயணத்தில் இருக்காத ஒருவருக்கு முக்கியப் பாத்திரம் கொடுத்தால் இன்னொருவரையும் அதற்குத் தயார் செய்ய வேண்டும். பாத்திரம் இல்லாவிட்டால் வளர்ச்சி நிற்கும். ஓட்டல்காரர் சட்டத்தைக் காட்டுவார், நிர்வாகம் ஓட்டல்காரரைக் காட்டும், நடன ஆசிரியை நிர்வாகத்தைக் காட்டுவார். ஆளுக்கு ஆள் கைமாற்றிவிட்டார்கள். கடைசியில் யார் மீதும் பழி இல்லாமல் ஒரு பெண்ணின் வேலை மட்டும் போய்விட்டது.

கடைசி அடி ஓர் ஆலோசனையாக வந்தது. நீ இங்கே எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட்டாய், இனி ஒரு பள்ளி தொடங்கி ஆப்பிரிக்க நடனம் சொல்லிக் கொடேன் என்று குழுவிலேயே ஒருவர் சொன்னார். ஒன்பது வயதிலிருந்து ரஷ்ய ஆசிரியையிடம் ரஷ்ய முறை பாலே மட்டுமே கற்ற பெண்ணிடம்! ஆப்பிரிக்க நடனத்தில் அவருக்கு என்ன பயிற்சி என்று ஒருவரும் கேட்கவில்லை. நிறமே தகுதியாகிவிட்டது. மான்ட்கோமரி மேடைக்கு ஓடி வந்த இரண்டு பேர் அவரை ஒரு நாள் பயமுறுத்தினார்கள். இந்த வாக்கியம் அவரை 1961இல் குழுவை விட்டே போக வைத்தது.

ஓட்டல் சாக்கு இல்லாத ஊரில்

நியூயார்க் திரும்பி மற்றக் குழுக்களில் முயன்றார். அமெரிக்கன் பாலே தியேட்டர், நியூயார்க் சிட்டி பாலே, மெட்ரோபாலிடன் ஆப்பராவின் பாலே பிரிவு எதிலும் எடுக்கவில்லை. நியூயார்க்கில் இனப் பிரிவினைச் சட்டம் கிடையாது. அப்புறம் 1964 ஜூலை 2 அன்று சிவில் உரிமைகள் சட்டம் வந்து, நாடு முழுவதும் ஓட்டல்களில் இனப் பாகுபாடு சட்டவிரோதமாயிற்று. பத்து வருடமாகச் சொன்ன சாக்கு ஒரே நாளில் செத்துப்போனது. வில்கின்சனுக்கு அப்போது வயது 29. எந்தக் குழுவும் கூப்பிடவில்லை. தெற்குதான் தடை என்றால் தெற்கு திறந்ததும் கதவும் திறந்திருக்க வேண்டும், இல்லையா?

இடையில் விஸ்கான்சினில் ஒரு கன்னியர் மடத்தில் சேர்ந்து ஆறு மாதம் இருந்தார். பிறகு வெளியே வந்து மறுபடி பயிற்சி எடுத்தார். டச்சு தேசிய பாலே குழுவில் ஆடிக்கொண்டிருந்த கறுப்பின அமெரிக்கக் கலைஞர் சில்வஸ்டர் கேம்பல், இங்கே வாருங்கள் என்றார். 1967இல் ஆம்ஸ்டர்டாம் போனார். இரண்டாம் நிலைத் தனி நடனக் கலைஞராக எடுத்துக்கொண்டார்கள். ஏழு வருடம் அங்கே ஆடினார். 'ஸ்வான் லேக்', 'ஜிசெல்' போன்ற அதே வெள்ளை பாலேக்களிலும் ஆடினார், அவற்றின் அழகு கெட்டதாக யாரும் சொல்லவில்லை.

1974இல் ஊர் திரும்பி நியூயார்க் சிட்டி ஆப்பராவில் சேர்ந்தார். 1985 வரை நடனம், அப்புறம் 2011 வரை சிறு வேடங்கள். சிட்டி ஆப்பரா அந்தக் காலத்தில் ஆடிய லிங்கன் சென்டர் அரங்கு, அவரைச் சேர்க்காத நியூயார்க் சிட்டி பாலேயும் ஆடிய அதே அரங்கு.

வேறு வழி இருந்ததா?

குழு இயக்குநர் டென்ஹாம் 1957இல் என்ன செய்திருக்க முடியும்? காலம் அப்படி, அவர் என்ன பண்ணுவார் என்று பலர் கேட்பார்கள். அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி செய்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் பதில்.

நாடக உலகை எடுத்துக்கொள்வோம். வாஷிங்டனில் நேஷனல் தியேட்டர் கறுப்பினத்தவரைப் பார்வையாளராக அனுமதிக்கவில்லை. நடிகர்கள் சங்கமான 'ஆக்டர்ஸ் ஈக்விட்டி', அங்கே எங்கள் உறுப்பினர்கள் நடிக்க மாட்டார்கள் என்று முடிவெடுத்தது. 1948இல் அரங்க உரிமையாளர் விட்டுக்கொடுக்காமல் அதைச் சினிமாக் கொட்டகையாக மாற்றிவிட்டார். சங்கமும் அசையவில்லை. 1952இல் எல்லோருக்கும் திறந்த நாடக அரங்காக அது மீண்டும் திறந்தது. நாட்டின் தலைநகரில் சில ஆண்டுகள் அந்த மேடையே இல்லாமல் இருந்ததை நடிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். நஷ்டத்தை ஒருவர் தலையில் கட்டாமல் எல்லோரும் பகிர்ந்துகொண்ட ஏற்பாடு அது. ஜாஸ் நிகழ்ச்சிகள் நடத்திய நார்மன் கிரான்ஸ், பார்வையாளரைப் பிரித்து உட்கார வைக்கும் அரங்குகளுக்குத் தன் குழு வராது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்.

பாலேயிலேயே உதாரணம் உண்டு. வில்கின்சன் சேர்ந்த அதே 1955இல் ஆர்தர் மிட்செல் என்ற கறுப்பினக் கலைஞர் நியூயார்க் சிட்டி பாலேயில் சேர்ந்தார். 1957 டிசம்பரில் அந்தக் குழுவின் இயக்குநர் ஜார்ஜ் பாலன்ஷைன் 'அகான்' நாட்டியத்தில் அவரையும் வெள்ளையரான டயானா ஆடம்ஸையும் இணையாக ஆட வைத்தார். கறுப்பின ஆணின் கை வெள்ளைப் பெண்ணின் உடலில் படுகிறதே என்று முணுமுணுப்பு எழுந்தது. மிட்செல் ஆடாவிட்டால் குழுவே ஆடாது என்பது பாலன்ஷைனின் நிலை. அந்த இணை நடனம் அமெரிக்க வணிகத் தொலைக்காட்சியில் வர 1968 ஆனது என்றாலும், மேடையில் மிட்செலை யாரும் அகற்ற முடியவில்லை.

பாலன்ஷைனை ரொம்பவும் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். அவருடைய குழுவில் முதல் கறுப்பினப் பெண்ணான டெப்ரா ஆஸ்டின் சேர்ந்தது 1971இல். மிட்செல் ஓர் ஆண், தனித்துத் தெரிய வேண்டிய கலைஞர். பெண்கள் வரிசையில் கரைய வேண்டியவர்கள். அந்த வரிசைக்குத்தான் பெரிய காவல். மிட்செல் இதற்குத் தந்த பதில், மார்ட்டின் லூதர் கிங் கொலைக்குப் பின் 1969இல் கேரல் ஷூக்குடன் சேர்ந்து தொடங்கிய 'டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்'. வெளிர் சிவப்புக் காலுறையும் காலணியும் வெள்ளைத் தோலுக்காக வந்த மரபு, காலின் கோடு இடுப்பிலிருந்து விரல் நுனி வரை அறுபடாமல் நீள்வது போலக் காட்ட. கறுத்த உடம்பில் அதே வெளிர் சிவப்பு கோட்டை இடுப்பிலேயே வெட்டிவிடும். ஹார்லெம் குழு 1970களில் அவரவர் தோல் நிறத்துக்கே காலுறையும் காலணியும் போட ஆரம்பித்தது. கலைக்காக என்று சொல்லப்பட்ட விதியை அதன் சொந்தக் காரணத்தை வைத்தே கவிழ்த்தார்கள். மற்ற இடங்களில் கறுப்பினக் கலைஞர்கள் ஒவ்வொரு ஜோடிக்கும் முகப்பூச்சைத் தடவி நிறம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். லண்டனின் 'ஃப்ரீட்' நிறுவனம் 'பாலே பிளாக்' குழுவோடு சேர்ந்து பழுப்பு நிறங்களில் முனைக்காலணி கொண்டு வந்தது 2018இல்.

இன்னும் எங்கே நிற்கிறது

முகப்பூச்சு எதிர்த்திசையிலும் ஓடியது. 1877இல் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய 'லா பயடேர்' ஒரு தேவதாசியின் கதை. இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1838இல் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து அம்மணி உள்ளிட்ட தேவதாசிகள் பாரிஸ் போய் ஆடினார்கள். எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே மயங்கி எழுதித் தள்ளினார், ஐரோப்பிய மேடைக்கு இந்த மோகம் ஏறியதில் அந்தப் பயணத்துக்குப் பங்கு உண்டு. நேரில் வந்து ஆடியவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் வேடம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அந்த நாட்டியத்தில் கறுப்பு மை பூசிய சிறுவர்கள் ஆடும் பகுதியை 2019இல்கூட பல்ஷோய் அப்படியே வைத்திருந்தது. அமெரிக்கக் கறுப்பின பாலே கலைஞர் மிஸ்டி கோப்லண்ட் படத்தைப் போட்டுக் கண்டித்தபோது நிர்வாகம் பின்வாங்கவில்லை.

கோப்லண்ட் 2015இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மைக் கலைஞர் ஆன முதல் கறுப்பினப் பெண். வில்கின்சனை மறுத்த குழுக்களில் ஒன்று அது. ஓர் ஆவணப்படத்தில் வில்கின்சனைப் பார்த்துத் தேடிப் போனார், பிறகு இருவரும் நெருங்கிய நண்பர்கள். வில்கின்சன் 2018 டிசம்பர் 17 அன்று காலமானார்.

அதே 2018இல் க்ளோயி லோபஸ் கோமஸ் பெர்லின் அரசு பாலேயில் சேர்ந்தார், அங்கே முதல் கறுப்பினப் பெண் கலைஞர். 'ஸ்வான் லேக்' நாட்டியத்தில் முகத்தை வெளுக்கப் பூசச் சொல்லி வற்புறுத்தினார்கள் என்று 2020இல் வெளியே சொன்னார். ஜேனட் காலின்ஸிடம் கேட்டதேதான், கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் கழித்து. ஒரு வித்தியாசம் உண்டு. காலின்ஸ் அழுதுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, ஆளுக்கு ஆள் பழியைக் கைமாற்றியபோது வில்கின்சனுக்குப் போய் முறையிட ஓர் இடம் இல்லை. லோபஸ் கோமஸுக்கு ஒப்பந்தமும் தொழிலாளர் நீதிமன்றமும் இருந்தன. 2021 ஏப்ரலில் 16,000 யூரோ இழப்பீடு, ஒப்பந்தம் ஒரு வருடம் நீட்டிப்பு என்று சமரசம் ஆனது. பாரிஸ் ஆப்பராவிலும் கறுப்பினக் கலைஞர்கள் 2020இல் அறிக்கை விட்டார்கள். விசாரணைக் குழு அமைந்தது, மறு வருடம் முகம் கறுக்கப் பூசும் வழக்கம் நிறுத்தப்பட்டது. அந்த அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான கியோம் தியோப் 2023 மார்ச்சில் அங்கே உச்ச நிலையான 'எத்துவால்' ஆனார். எழுத்தில் கொடுத்த கோரிக்கைக்கு நிர்வாகம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தது. 1957இல் அட்லாண்டா ஓட்டல் முன்னால் நின்ற 22 வயதுப் பெண்ணுக்கு அப்படிப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று யாரும் இருக்கவில்லை.